குடிநீரும் மீள்குடியேற்றமும்: கிணற்றைச் சூழ்ந்த நிலத்தைக் காப்போம்

நீண்டகால இடப்பெயர்வின் பின் தமது காணியைப் பார்க்கச் செல்லும் குடும்பம் முதலில் தேடுவது இரண்டு இடங்களை: வீடு இருந்த இடம், கிணறு இருந்த இடம். வீடு இடிந்து போயிருந்தால் நாலு தடியும் கிடுகும் தகரமும் கொண்டு ஒரு கொட்டிலைப் போட்டுக்கொள்ளலாம். கிணறு தூர்ந்து போயிருந்தால் அன்றிரவு சோறு காய்ச்சவும் வழியில்லை, நாற்றுமேடைக்குத் தெளிக்கவும் வழியில்லை. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தின் ஏனைய பகுதிகளிலிருந்தும், 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னியிலிருந்தும் பெயர்ந்த விவசாயக் குடும்பங்களுக்கு இதை நாம் விளக்கத் தேவையில்லை. திரும்பிச் சென்றவர்கள் பட்டு அறிந்திருக்கிறார்கள். காணி விடுபடும்வரை உறவினர் வளவிலும் வாடகை வீட்டிலும் காத்திருப்போர் இனி அறிய வேண்டியிருக்கிறது.

ஆயினும் தண்ணீர் கிடைப்பது ஒன்று, பாதுகாப்பான தண்ணீர் கிடைப்பது வேறொன்று. கிணறு வெட்டவும் திருத்தவும் அரசோ உதவி நிறுவனமோ முன்வரக்கூடும். ஆனால் அக்கிணற்று நீர் பத்து ஆண்டுகளின் பின்னும் ஒரு குழந்தைக்குக் கொடுக்கத் தக்கதாக இருக்குமா என்பதைத் தீர்மானிப்பது கிணற்றைச் சூழ்ந்த நிலத்தில் நாமும் அயலவரும் செய்கின்ற வேலைகளே. இதனையே இக்கட்டுரையில் சற்று விரிவாக நோக்குவோம்.

தண்ணீர் அருகே வந்தால் என்ன மாறும்?

அனர்த்த காலங்களில் உதவி நிறுவனங்கள் கைக்கொள்ளும் ஸ்பியர் அளவுகோலின்படி ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லீற்றர் நீர் வேண்டும். நீர் பெறும் இடம் 500 மீற்றருக்கு அப்பால் இருக்கலாகாது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு இது 75 லீற்றர். 15 லீற்றர் கொள்ளும் குடத்தில் அள்ளினால் ஐந்து நடை. குழாயடி 500 மீற்றர் தொலைவில் இருந்தால் நாளுக்கு 5 கிலோமீற்றர் நடக்க வேண்டும். அதில் பாதித் தூரம் 15 கிலோகிராம் பாரம் இடுப்பில் இருக்கும். வரிசையில் நிற்கும் நேரம் இக்கணக்கில் சேரவில்லை.

இப்பாரத்தைச் சுமப்பவர்கள் பெரும்பாலும் தாய்மாரும் பெண்பிள்ளைகளுமே. விடியற்காலையில் தண்ணீருக்கு நின்ற பிள்ளை பாடசாலைக்குப் பிந்திப் போகிறது. சில நாட்களில் போகாமலே விடுகிறது. கர்ப்பிணித் தாய் சுமக்கிறாள். அறுபது வயது அம்மம்மாவும் சுமக்கிறாள். தூரத்திலிருந்து தூக்கி வரும் தண்ணீரை எவரும் கை கழுவத் தாராளமாக ஊற்றுவதில்லை. எனவே நோயும் கூடுகிறது. வளவுக்குள் நல்ல கிணறு ஒன்று வந்தவுடன் இந்நிலை மாறுகிறது. பிள்ளை நேரத்துக்குப் போகிறது. தாய்க்கு ஒன்றிரண்டு மணித்தியாலம் மிஞ்சுகிறது. குளித்த நீர் வாழைக்கும் பயிற்றங்கொடிக்கும் பாய்கிறது. வயிற்றோட்டத்துக்கென்று ஆசுபத்திரிக்கு அலைந்து இழக்கும் கூலி நாட்களும் குறைகின்றன.

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2010 யூலை 28 இல் பாதுகாப்பான குடிநீரை மனித உரிமையாக ஏற்றுக்கொண்டது. ஆகவே நல்ல தண்ணீர் கேட்பது பிச்சை கேட்பதல்ல. அவ்வுரிமையைக் கோரும் நாமே, எமது காலடியில் உள்ள நீரையும் அதே கவனத்தோடு காக்க வேண்டியவர்களாக இருக்கிறோம்.

எமது கிணற்றின் அடியில் இருப்பது என்ன?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடுவது. குடிக்கவும் பயிருக்கும் நாம் காலங்காலமாக நம்பியது நிலத்தடி நீரையே. செம்மண்ணுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். அது வெடிப்பும் பொந்தும் நிறைந்த கல். ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை பெய்யும் மாரி மழை அவ்வெடிப்புகள் ஊடாக இறங்கித் தேங்குகிறது. அவ்வாறு தேங்கிய நன்னீர், கீழே பரந்துள்ள உவர்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. நன்னீரின் பாரம் குறைவு. உப்புநீரின் பாரம் கூட. எண்ணெய் தண்ணீரில் மிதப்பது போலவே இதுவும்.

புத்தூருக்கு அண்மையில் நவக்கிரியில் உள்ள நிலாவரைக் கிணறு இதற்குக் கண்கண்ட சாட்சி. மேற்பகுதியில் நன்னீர், ஆழத்துக்குச் செல்லச் செல்ல உப்புநீர். அடியே இல்லாத கிணறு என்று ஊரார் சொல்லி வந்த அதிசயத்தின் உள்ளே இருப்பது குடாநாடு முழுவதற்கும் பொதுவான இந்த உண்மையே.

இவ்வில்லைக்கு ஒரு கணக்கு உண்டு. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் அறிஞர் காட்டும் பொது விதி. கல்லின் தன்மைக்கேற்ப இது கூடிக் குறையலாம். இதன் மறுபக்கத்தையும் கவனியுங்கள். அளவுக்கு மிஞ்சி இறைத்து நீர்மட்டத்தை 1 அடி இறக்கினால் கீழிருக்கும் உப்புநீர் பல அடி மேலெழும்ப வழி பிறக்கிறது. துலாவாலும் பட்டையாலும் இறைத்த காலத்தில் மனிதனின் தோள்பலமே இறைப்புக்கு எல்லையாக இருந்தது. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் அந்த எல்லை போய்விட்டது. எனவே எல்லையை நாமே விதித்துக்கொள்ள வேண்டும்.

தெளிந்த நீரில் மறைந்திருக்கும் ஆபத்துகள்

முதலாவது ஆபத்து கிருமி. வயிற்றோட்டம், நெருப்புக்காய்ச்சல், செங்கமாரி என்பன மலத்தில் உள்ள கிருமிகள் வாய்வழியே உட்செல்வதால் வருவன. 2009 இல் வவுனியா முகாம்களில் செங்கமாரி பரவியதைப் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். முகாமை விட்டு வந்தபின் ஆபத்து முடிந்தது என்று எண்ணலாகாது. மணல் நிலத்தில் கழிவுநீர் மெதுவாக வடிந்து ஓரளவு சுத்தமாகிறது. வெடிப்புள்ள சுண்ணாம்புக்கல்லில் அவ்வாறு வடிகட்டப்படாமல் நேரே கிணற்றுக்குப் போய்விடக்கூடும்.

மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே 30 மீற்றர், அதாவது ஏறக்குறைய 100 அடி இருக்க வேண்டும் என்று ஸ்பியர் அளவுகோல் கூறுகிறது. இங்கேதான் எமது சிக்கல். 2 பரப்புக் காணி என்பது 100 அடி நீளமும் சுமார் 54 அடி அகலமும் கொண்ட துண்டு. அதற்குள் வீடும் கிணறும் மலசலகூடமும் அமைய வேண்டும். நமது கிணற்றிலிருந்து குழியை நாம் தூர வைத்தாலும் அது அயலவரின் கிணற்றடியில் போய் நிற்கிறது. வேலியைக் குழியும் அறியாது, நீரும் அறியாது. ஆகவே வீட்டுத்திட்டம் வரும்போது ஒவ்வொருவரும் தத்தம் காணியை மட்டும் பார்த்துக் குழி வெட்டலாகாது. ஒழுங்கையிலுள்ள எல்லாக் கிணறுகளையும் எல்லா மலசலகூடங்களையும் ஒரு தாளில் வரைந்து பார்த்தபின் இடங்களைத் தீர்மானிக்க வேண்டும். இடம் போதாதபோது அடியும் பக்கமும் சீமெந்தால் அடைத்த தொட்டி கட்டுவதே பாதுகாப்பு. தொட்டியிலிருந்து வழியும் நீரையும் கிணறுகளுக்கு எதிர்ப்புறமாகவே விட வேண்டும்.

இரண்டாவது ஆபத்து நைத்திரேற்று. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் இடும் பசளையில் பயிர் எடுக்காத மீதி, இறைப்பு நீரோடும் மழையோடும் கீழிறங்குகிறது. யூரியாவிலிருந்து மட்டுமல்ல, மாட்டெருக் கும்பியிலிருந்தும் மலக்குழியிலிருந்தும் இது இறங்கும். இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் விதித்துள்ள மேலெல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு இவ்வெல்லை மீறிய நீரில் மாப்பால் கரைத்துக் கொடுத்தால், குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் வலுவை இழந்து உடல் நீலம் பாரிக்கக்கூடும். கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்தால் இந்தப் பயமே இல்லை.

பசளையே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்டபோது விவசாயிகள் பட்ட பாட்டை எல்லோரும் கண்டோம். அளவறிந்து இடுங்கள் என்பதே எமது வேண்டுகோள். ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்து இடுவதும், பெருமழைக்கு முன் இடாமல் விடுவதும், வாய்க்கால் நிரம்பி வழிய இறைக்காமல் விடுவதும் கிணற்றுக்கும் நன்மை, கைக்காசுக்கும் நன்மை. எருக்கும்பியைக் கிணற்றடியில் குவிக்காதீர்கள். கிருமிநாசினி கலந்த வாளியைக் கிணற்றுக்குள் விடவே கூடாது.

மூன்றாவது ஆபத்து உப்பு. கரையோரக் கிராமத்தவர் இதை நன்கறிவர். 2004 டிசெம்பர் 26 சுனாமியின்போது கிழக்குக் கரையோரத்தில் ஆயிரக்கணக்கான கிணறுகளுள் கடல்நீர் புகுந்தது. உப்பை வெளியேற்றும் எண்ணத்தோடு கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். அவ்வாறு மிகையாக இறைத்தது கீழுள்ள உவர்நீரை மேலே இழுத்து உதவிக்குப் பதில் கேடு செய்யக்கூடும் என்பது பின்னர் நடந்த ஆய்வுகளில் தெரியவந்தது. கிணறுகளைப் பெருமளவு மீட்டது அடுத்து வந்த மழைகளே. மீளக் குடியேறுவோருக்கும் இது நல்ல பாடம்.

இம்மூன்றோடு நிற்காமல் வெளியிலிருந்து வரும் ஆபத்தும் உண்டு. சுன்னாகத்தில் மின்நிலையச் சூழலிலிருந்து கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2019 இல் வழங்கப்பட்ட தீர்ப்பில் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா நட்டஈடு வழங்குமாறு கட்டளையிடப்பட்டது. மக்கள் ஒன்றுசேர்ந்து குரல் எழுப்பியிராவிட்டால் அவ்விடயம் நீதிமன்றப் படியேறியிராது.

வன்னியில் நிலைமை வேறு

வன்னியின் பெரும்பகுதியில் அடியில் இருப்பது கருங்கல். அங்கே குளங்களின் கசிவே அயற்கிணறுகளுக்கு உயிர். குளம் உடைந்து கிடந்தால் கிணறும் வற்றும். ஆகவே குளக்கட்டைத் திருத்துவது வயலுக்கு மட்டுமான வேலையல்ல.

கருங்கல் நிலத்தின் ஆழ்ந்த குழாய்க்கிணறுகள் சிலவற்றில் புளோரைட்டு மிகுந்திருக்கிறது. பிள்ளைகளின் பற்களில் போகாத கபிலக் கறை தோன்றினால் நீரைச் சந்தேகிக்க வேண்டும். இதுவும் கொதிக்க வைத்தால் போவதில்லை. வடமத்திய மாகாணத்திலும் வவுனியா மாவட்டத்தின் சில பகுதிகளிலும் விவசாயக் குடும்பங்களைத் தாக்கிவரும் சிறுநீரக நோய்க்கு நீரின் தன்மையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். முடிவான விடை இன்னும் நிலைநாட்டப்படவில்லை. இப்பகுதிகளில் புதிய குழாய்க்கிணறு தோண்டினால், சோதனை முடிவைக் கையில் பெற்ற பின்னரே குடிக்கத் தொடங்குவது நன்று.

கைவிடப்பட்ட கிணற்றைத் திருத்தும் முறை

முதலில் உயிர்ப் பாதுகாப்பு. யுத்தம் நடந்த இடங்களில் பழைய கிணறுகளுள் வெடிபொருட்கள் கிடக்கலாம். கண்ணிவெடி அகற்றுவோர் அனுமதி தருமுன் கிணற்றை அணுகாதீர்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல் கிராம அலுவலருக்கு அறிவியுங்கள். நெடுநாள் மூடிக்கிடந்த கிணற்றின் அடியில் மூச்சை அடைக்கும் காற்று நிற்கும். ஒருவர் தனியே இறங்கலாகாது. இறங்குபவரின் இடுப்பில் கயிறு கட்டி மேலே இருவராவது நிற்க வேண்டும். நீரிறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி இயக்கவே கூடாது. அதன் புகை சில நிமிடங்களில் ஆளைக் கொல்லும்.

அடுத்து, விழுந்து கிடக்கும் கல், மரக்கிளை, குப்பை என்பவற்றை அகற்றிச் சேற்றை அள்ளுங்கள். கடற்கரைக்கு அண்மையிலாயின் அடிதெரிய ஒரேயடியாக இறைக்காமல், சிறிது சிறிதாக, ஊறவிட்டு இறையுங்கள். உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள்.

பின்னர் குளோரீன் தூள் இட வேண்டும். அதற்கு நீரின் அளவு தெரிய வேண்டும். கிணற்றின் விட்டத்தை அடியில் அளந்து அதனை அதனாலேயே பெருக்குங்கள். வந்ததை நீரின் ஆழத்தால் பெருக்குங்கள். அதனை 22 ஆல் பெருக்கினால் லீற்றர் கணக்கு வரும். விட்டம் 10 அடி, நீரின் ஆழம் 8 அடி எனில், 10 × 10 × 8 × 22 = 17,600 லீற்றர். சாதாரண குளோரீன் தூளில் 30 வீதம் குளோரீன் இருப்பின் 15,000 லீற்றருக்கு 1 கிலோகிராம் போதுமானது. எனவே மேற்படி கிணற்றுக்கு 1 கிலோ 200 கிராம் அளவில் வேண்டும். பழைய தூளின் வலு குறைந்திருக்குமாதலால் அளவைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு உறுதிசெய்வது நன்று. தூளை வாளியில் கரைத்து, தெளிந்த நீரைக் கிணற்றின் எல்லாப் பக்கமும் ஊற்றிக் கலக்கிவிட்டு ஓர் இரவு விடுங்கள். அடுத்த நாள் குளோரீன் மணம் நீங்கும்வரை நீரை அள்ளி வெளியேற்றுங்கள். அந்நீரை நாற்றுமேடைக்கோ குளத்துக்கோ விடாதீர்கள். மணம் நீங்கும்வரை குடிக்கவும் கூடாது.

கடைசியாகக் கட்டு. நிலத்துக்கு மேல் இடுப்பளவு கிணற்றுக்கட்டு, சுற்றிவரச் சீமெந்துத் தளம், சிந்தும் நீர் தூர ஓடுவதற்கு ஒரு வாய்க்கால், ஒரே வாளி, வாளியைத் தொங்கவிட ஒரு கொழுக்கி. இவை இல்லையெனில் குளோரீன் இட்ட பயன் ஒரு மாதமும் நில்லாது.

சோதனை முடிவு வரும்வரை நீரைக் குமிழி பொங்கக் குறைந்தது ஒரு நிமிடம் கொதிக்க வைத்துக் குடியுங்கள். விறகு கிடையாதவிடத்து, தெளிந்த நீரை நிறமற்ற 2 லீற்றர் பிளாத்திக்குப் போத்தலில் நிரப்பி 6 மணித்தியாலம் நல்ல வெயிலில் கிடத்தி வைத்தாலும் கிருமிகள் மடியும். மப்பு நாளாயின் இரண்டு நாள் வைக்க வேண்டும். இம்முறைகள் கிருமிக்கு மட்டுமே என்பதை மறவாதீர்கள். உப்புக்கும் நைத்திரேற்றுக்கும் புளோரைட்டுக்கும் இவை மருந்தல்ல. அவ்வாறான கிணறுள்ளோர் மழைநீரைச் சேமிக்கலாம். 500 சதுர அடிக் கூரையில் 1 அங்குல மழை பெய்தால் 1,000 லீற்றருக்கு மேல் கிடைக்கும். முதல் மழையில் கூரை கழுவுப்பட விட்டபின், மூடியுள்ள தொட்டியில் பிடிக்க வேண்டும்.

பங்குக் கிணறு தரும் படிப்பினை

எமது மூதாதையர் தோட்டக் கிணறுகளைப் பங்காக வைத்திருந்தனர். இன்னாருக்கு இத்தனை பங்கு என்று உறுதியிலேயே எழுதினர். இறைப்பு முறையும் நாளும் குறித்தனர். கிணறு கலக்கி இறைப்பதைப் பங்காளிகள் சேர்ந்து செய்தனர். நீர் தனியொருவரின் சொத்தல்ல என்ற அறிவு அதில் இருந்தது.

அதே ஊர்களில் இன்னொரு வழக்கமும் இருந்ததை மறைக்கலாகாது. சாதியின் பெயரால் ஒரு பகுதி மக்கள் கிணற்றுக்கட்டில் ஏற விடப்படவில்லை. பிறர் அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு காத்து நின்றார்கள். சாதி காரணமாக ஒருவரைப் பொதுவிடங்களில் தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1957 இலேயே வந்தது. சட்டத்தால் முழுமையாக முடியாததை இடப்பெயர்வு சில இடங்களில் செய்தது. முகாமில் எல்லோரும் ஒரே குழாயடியில் ஒரே வரிசையில் நின்றோம். திரும்பிச் சென்று புதிதாகக் கட்டும் பொதுக்கிணற்றில் பழைய கோட்டை மீண்டும் வரைவோமாயின், நாம் பட்ட துன்பத்திலிருந்து ஒன்றும் கற்கவில்லை என்றே பொருள். தடுக்கப்பட்ட குடும்பம் அசுத்தமான நீரைக் குடித்தால் நோய் அக்குடும்பத்தோடு நின்றுவிடப் போவதுமில்லை.

குழாய் நீர்த் திட்டங்களும் நடைபெறுகின்றன. தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 இல் திறக்கப்பட்டது. குழாய் வந்துவிட்டது என்று கிணற்றைக் குப்பைக்குழி ஆக்கிவிடாதீர்கள். மின்சாரமும் பணமும் தடைப்படும் நாளில் குழாய் நின்றுபோகும். பயிருக்கு எக்காலமும் நிலத்தடி நீரே வேண்டும்.

மாரிக்கு முன் செய்யக்கூடியவை

பெருநிதி இன்றியே தொடங்கக்கூடிய சில வேலைகள் உள்ளன. கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் ஒரு மாலைப்பொழுது கூடி ஒழுங்கையின் கிணறுகளையும் மலசலகூடங்களையும் வரைந்து கொள்ளலாம். தண்ணீர் அள்ளுபவர்கள் பெண்கள் என்பதால் கிணற்றுக் குழுவில் பாதிப்பேராவது பெண்களாக இருக்கட்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்து நீர் மாதிரி எடுப்பிக்கலாம். இரசாயனச் சோதனைக்கு நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் அலுவலகத்தை நாடலாம். தூர்ந்த கேணியையும் குளத்துக்கு நீர்வரும் வாய்க்கால்களையும் சிரமதானமாகத் துப்புரவு செய்தால், கடலுக்கு ஓடும் மழைநீர் நிலத்துக்குள் இறங்கும். ஒவ்வொரு வீடும் மாதம் ஒரு சிறு தொகையை ஒதுக்கினால் கப்பி, கயிறு, குளோரீன் தூள், சோதனைச் செலவு என்பவற்றுக்கு வெளியாரை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

இன்னும் காணி கிடைக்காமல் இருப்போரும் இப்போதே ஒன்று செய்யலாம். உங்கள் ஊரில் எந்தெந்தக் கிணறு நன்னீர், எது சவர், எந்தக் கோடையில் எது வற்றியது என்பதெல்லாம் ஊர்ப் பெரியவர்களின் நினைவில் இருக்கிறது. அவர்களிடம் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். திரும்பிச் செல்லும் நாளில் புதுக்கிணற்றுக்கு இடம் குறிக்க வருபவரிடம் அந்தக் கொப்பியைக் கொடுங்கள்.